புகைபோக்கிக்குள் யாரும் பாயவில்லை

“ஜப்பான்காரன் ஒருத்தன் குண்டைக் கட்டிக்கொண்டு விமானத்தோடு கப்பலின் புகைபோக்கிக்குள் பாய்ந்தான். கப்பல் வெடித்துப் பிளந்தது. வெள்ளைக்காரன் ஆட்டம் அன்றோடு முடிந்தது.” கேமரன் மலைத் தோட்டங்களில் 1941 டிசம்பர் 10 பற்றிக் கேட்டால் இந்த மூன்று வாக்கியங்கள்தான் கிடைக்கும். தாத்தா சொன்னார் என்பார்கள். தாத்தாவுக்கு யார் சொன்னார் என்று கேட்டால் பேச்சு மழைக்கும் கொழுந்து விலைக்கும் மாறிவிடும்.

கொஞ்சம் படித்தவர்களிடம் இதே கதை சட்டை மாற்றிக்கொண்டு வருகிறது. தற்கொலை விமானம் என்பதெல்லாம் மிகை என்று முதலில் ஒத்துக்கொள்வார்கள். “ஆனால் ஜப்பானியரிடம் உலகம் கேள்விப்பட்டிராத ஓர் ஆயுதம் இருந்தது, பிரிட்டிஷார் என்ன செய்ய முடியும்?” என்பார்கள். இரண்டும் ஒன்றுதான். ஓர் அதிசயக் குண்டு வந்தது, அதனால் மலாயா போனது. இந்தக் கருத்து தவறு என்பது மட்டுமல்ல, இதை நம்பிக்கொண்டிருப்பதால் நமக்கு நட்டமும் இருக்கிறது.

நடந்தது இது. பிரிட்டனின் புத்தம்புதிய போர்க்கப்பலான ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, 1916இல் படையில் சேர்ந்த ‘ரிபல்ஸ்’ ஆகிய இரண்டும் நான்கு துணைக்கப்பல்களோடு டிசம்பர் 8 மாலை சிங்கப்பூரிலிருந்து கிளம்பின. டிசம்பர் 10 பகலில் குவாந்தானுக்குக் கிழக்கே, நம் பகாங் கடலில், ஜப்பானியக் கடற்படை விமானங்கள் அவற்றைப் பிடித்தன. முற்பகல் பதினொன்றேகாலுக்குத் தொடங்கிய தாக்குதலில் ரிபல்ஸ் பிற்பகல் 12.33க்கு மூழ்கியது. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் ஒன்றேகாலுக்குச் சற்றுப் பின் மூழ்கியது. இறந்தவர்கள் 840 பேர். தளபதி டாம் ஃபிலிப்ஸ் அவர்களில் ஒருவர். பிரிஞ்சாங் உச்சியிலிருந்து நேர்கோடு போட்டால் அந்த இடம் ஏறத்தாழ 350 கிலோமீட்டர்.

அதிசயக் குண்டை நம்புகிறவர்கள் முட்டாள்கள் அல்லர். அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. தற்கொலை விமானிகள் உண்மையிலேயே இருந்தார்கள். அதில் ஒரு சம்பவம் நமக்கு அருகிலேயே நடந்திருக்கிறது. 1945 ஜூலை 26 அன்று புக்கெட் தீவருகே ‘வெஸ்டல்’ என்ற பிரிட்டிஷ் கண்ணிவாரிக் கப்பல் அப்படித்தான் அழிந்தது. விசித்திரக் குண்டுகளும் இருந்தன. ‘ஓகா’ என்பது மனிதன் உள்ளே உட்கார்ந்து ஓட்டிவந்து மோதும் ராக்கெட் குண்டு, அதன் மூக்கில் 1,200 கிலோ வெடிபொருள். பேர்ல் ஹார்பருக்காகப் போர்க்கப்பலின் 40 சென்டிமீட்டர் பீரங்கிக் குண்டைக் கடைந்து, வால் பொருத்தி, 800 கிலோ விமானக் குண்டாக மாற்றினார்கள். இவ்வளவும் உண்மை. அசைக்கவே முடியாது என்று காட்டப்பட்ட வெள்ளைக்காரன் கப்பலை மஞ்சள் நிறத்தவன் இரண்டு மணி நேரத்தில் கவிழ்த்தான் என்ற செய்தியில், கங்காணிக்கும் துரைக்கும் கைகட்டி நின்றவர்களுக்கு ஒரு ரகசியச் சந்தோஷமும் இருந்திருக்கும். அதை நான் குறை சொல்லமாட்டேன்.

இனி மறுப்பு.

1. புகைபோக்கி என்பது வெடிமருந்துக் கிடங்குக்கு இறங்கும் கிணறா? கதை சொல்கிறவர்கள் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்கள். புகைபோக்கி போய்ச் சேரும் இடம் கொதிகலன் அறை. கிடங்குகளோ பீரங்கிக் கோபுரங்களுக்குக் கீழே, கவசத்துக்குள் இருக்கின்றன. பெரும் போர்க்கப்பல்களில் புகைப்பாதை கவசத் தளத்தைக் கடக்கும் இடத்தில் தடித்த எஃகுச் சட்டங்களால் ஆன தடுப்பு இருக்கும். மேலிருந்து விழுவது உள்ளே போய்விடக்கூடாது என்பதற்காகவே வைத்தது அது. குண்டு புகைபோக்கிக்குள் விழுமே என்ற யோசனை கப்பல் கட்டியவர்களுக்கு நமக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

இதே கதையை அமெரிக்கர்களும் சொல்லிக்கொண்டார்கள். பேர்ல் ஹார்பரில் 1,177 பேரோடு வெடித்த ‘அரிசோனா’வின் புகைபோக்கிக்குள் குண்டு விழுந்தது என்று அன்றே பரவியது. பிறகு சிதைவுகளை ஆராய்ந்தபோது புகைபோக்கித் தடுப்பு உடையாமல் அப்படியே இருந்தது. குண்டு இறங்கியது முன்பக்கப் பீரங்கிக் கோபுரத்துக்கு அருகில். மூன்று கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறவன் புகைபோக்கியைக் குறிவைப்பதில்லை. கப்பல் முழுவதையும் தன் குண்டு வரிசைக்குள் கொண்டுவந்தால் போதும் என்று பார்ப்பான். குவாந்தான் கடலிலும் முதலில் வந்த எட்டு விமானங்கள் அப்படித்தான் கூட்டாகக் குண்டு போட்டன. ரிபல்ஸ் மீது விழுந்தது ஒன்றே ஒன்று. கப்பல் வேகம் குறையாமல் ஓடிக்கொண்டிருந்தது.

2. செத்துப்போனவன் மலர்வளையம் போட வருவானா? காமிகாஸே படை திட்டமிட்டு அமைக்கப்பட்டது 1944 அக்டோபரில், பிலிப்பைன்ஸில். ஜப்பான் தோற்றுக்கொண்டிருந்தபோது, தேர்ந்த விமானிகள் பெரும்பாலும் செத்துத் தீர்ந்தபின் பிறந்த வழி அது. 1941இல் நிலைமை நேர்மாறு. பல வருடம் பயிற்சி கொடுத்து வளர்த்த விமானிகளைப் புகைபோக்கிக்குள் போட்டு எரிக்கும் அவசியம் ஜப்பானுக்கு இல்லை. அன்று வந்தவை ஏறத்தாழ எண்பத்தைந்து விமானங்கள். சுட்டு வீழ்த்தப்பட்டவை மூன்று. மற்றவை இந்தோசீனத் தளங்களுக்குத் திரும்பிப்போயின. ரிபல்ஸைத் தாக்கிய அணித்தலைவர்களில் ஒருவரான இக்கி ஹாருக்கி, தன் அணியில் இரண்டு விமானங்களை அங்கே பறிகொடுத்தவர். சில நாள் கழித்து அதே கடலுக்கு மேல் பறந்துவந்து இறந்தவர்களுக்காக மலர்வளையம் போட்டுவிட்டுப் போனார். எரிந்தபடி கடலில் விழுந்த விமானங்களைத் தூரத்திலிருந்து பார்த்த யாரோ ஒருவர் சொன்னதுதான் கைமாறிக் கைமாறிப் பாய்ச்சலாகியிருக்கும் என்பது என் ஊகம்.

3. அப்படியானால் கப்பலைக் கொன்றது எது? இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். உண்மை கட்டுக்கதையைவிடச் சுவையானது.

கொன்றது டார்பிடோ. விமானத்திலிருந்து தண்ணீரில் போடப்பட்டு, தானே நீந்திப்போய்க் கப்பலின் அடிவயிற்றில் மோதும் சாதனம். அது ரகசிய ஆயுதமும் அல்ல, புதியதும் அல்ல. அன்று போட்ட ரகத்தை ஜப்பானியக் கடற்படை ஏற்றுக்கொண்டது 1931இல். பத்து வருடமாக அதைத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். விமானத்திலிருந்து விழும் டார்பிடோவுக்கு ஒரு நோய் உண்டு. காற்றில் தலைகீழாகப் புரளும், தண்ணீரில் தப்பான கோணத்தில் குத்தி ஆழத்துக்குப் போய்விடும், இல்லையென்றால் மேலே துள்ளும். அதற்கு ஜப்பானியர் கண்ட மருந்து, வாலில் மாட்டிய மரப்பலகைத் துடுப்பு. தேயிலைப் பெட்டி செய்கிற ஆசாரியைக் கூப்பிட்டால் அவரே அடித்துக் கொடுத்துவிடக்கூடிய வேலை அது. காற்றில் இருக்கும்வரை பலகை டார்பிடோவை நேராகப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரைத் தொட்டதும் உடைந்து கழன்றுவிடும். அதோடு, உருண்டு புரளாமல் சமன்செய்யும் ஒரு கருவியையும் உள்ளே வைத்தார்கள். இந்த இரண்டு திருத்தங்களால் பிரிட்டிஷார் எதிர்பார்த்ததைவிட உயரத்திலிருந்தும் வேகத்திலும் அதைப் போட முடிந்தது.

அன்று போடப்பட்ட டார்பிடோக்கள் 49. பட்டவை எட்டோ ஒன்பதோ. நாற்பது வீணாய்ப் போயின. ஐந்தில் நான்கு தவறும் ஆயுதத்தை அதிசய ஆயுதம் என்று யாராவது சொல்வார்களா? ரிபல்ஸின் தலைவர் வில்லியம் டென்னன்ட் கப்பலை வளைத்து வளைத்து ஓட்டிப் பல டார்பிடோக்களுக்குத் தப்பித்தார். இருபத்தைந்து வயது தாண்டிய கிழட்டுக் கப்பல் அது. கடைசியில் விமானங்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தன. இடப்பக்கத்து டார்பிடோவுக்குத் தப்பத் திரும்பினால் வலப்பக்கத்து டார்பிடோவுக்கு விலா முழுவதையும் காட்டவேண்டும். அங்கே வென்றது குண்டின் மாயம் அல்ல, ஏற்பாடு.

பிரின்ஸ் ஆஃப் வேல்ஸின் கதை இன்னும் நுட்பமானது. இடப்பக்கத்து வெளிப் புரொப்பெல்லர் இருக்கும் பின்பகுதியில் ஒரு டார்பிடோ பட்டது. புரொப்பெல்லரைச் சுழற்றும் நீளத் தண்டு வளைந்துவிட்டது. ஆனால் சுழல்வது நிற்கவில்லை. வளைந்த தண்டு சுழலும்போது, தான் கடந்துபோகும் தடுப்புச் சுவர்களின் அடைப்புகளை எல்லாம் கிழித்தது. தண்டு செல்லும் சுரங்கம் வழியே கடல் எந்திர அறைக்குள் வந்தது. கப்பல் இடப்பக்கம் பதினோரு டிகிரிக்கு மேல் சாய்ந்தது. மின்சாரம் போனது. மின்சாரம் போனதால் பின்பகுதி விமான எதிர்ப்புப் பீரங்கிகள் செயலிழந்தன, தண்ணீரை இறைக்கும் பம்புகள் நின்றன, சுக்கான் கேட்கவில்லை. வெடித்தது ஒரு டார்பிடோதான். கப்பலின் அடிப்பகுதியைக் கிழித்தது அந்தக் கப்பலின் சொந்த எந்திரம். அதற்குப் பிறகு வந்த மூன்று டார்பிடோக்களுக்கு எதிரே அது தப்பிக்க வழியில்லாத கூடு. கடைசியில் ஒரு 500 கிலோ குண்டும் விழுந்தது, மேல்தளத்தைத் துளைத்து, காயம்பட்டவர்களைக் கிடத்தியிருந்த இடத்தில் வெடித்தது. கொடுமைதான். ஆனால் கப்பலின் விதி அதற்கு முன்பே எழுதியாகிவிட்டது.

இவை வெறும் ஊகம் அல்ல. 2007இல் முக்குளிப்பாளர்கள் இறங்கி ஓட்டைகளையும் தண்டையும் படம்பிடித்து வந்தார்கள். அந்தச் சான்றும் இப்போது கரைந்துகொண்டிருக்கிறது. பழைய இரும்புக்காகச் சிதைவுகளை வெட்டி எடுக்கிறார்கள். 2023 மே மாதம் ஜொகூர் கடலில் நம் கடல்சார் அமலாக்கத்தினர் தடுத்துவைத்த ஒரு சீனக் கப்பலில் பழைய பீரங்கிக் குண்டுகள் கிடைத்தன. குண்டு எங்கே விழுந்தது என்று கதை அளந்துகொண்டிருந்த எண்பது ஆண்டில், விழுந்த இடத்தையே தராசில் ஏற்றிவிட்டார்கள்.

4. “யாரும் எதிர்பார்க்கவில்லை” என்று சொல்லும் உரிமை உலகத்தில் கடைசியாக யாருக்கு இருக்கிறது என்றால் பிரிட்டிஷ் கடற்படைக்கு. 1940 நவம்பர் 11 இரவு இத்தாலியின் தாரந்தோ துறைமுகத்தில் 21 விமானங்களை அனுப்பி, டார்பிடோக்களால் மூன்று இத்தாலியப் போர்க்கப்பல்களை முடக்கியது அவர்களே. துணிபோர்த்திய இரட்டைச் சிறகு விமானங்களால் அதைச் செய்தார்கள். ஆறு மாதம் கழித்து, 1941 மே மாதம், ஜெர்மனியின் ‘பிஸ்மார்க்’ கப்பலைத் துரத்தியபோது அதே ரக விமானம் போட்ட ஒரு டார்பிடோ பின்பகுதியில் பட்டுச் சுக்கானை இறுக்கியது. பிஸ்மார்க் வட்டமடித்துக்கொண்டே செத்தது. அந்த வேட்டையில் பிஸ்மார்க்கோடு நேருக்கு நேர் பீரங்கிச் சண்டை போட்ட கப்பல் எது தெரியுமா? பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்தான். விமானத்து டார்பிடோ ஒன்று பின்பகுதியில் பட்டால் பெரும் போர்க்கப்பலுக்கு என்ன ஆகும் என்ற பாடம் நடந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த கப்பல், ஏழே மாதத்தில் அதே இடத்தில் அடிவாங்கிச் செத்தது. இதைப் போய் எதிர்பாராதது என்கிறார்கள்.

விமானங்கள் எங்கே என்று கேளுங்கள், கதை இன்னும் அவிழும். மலாயாவைக் காக்க 336 விமானங்கள் வேண்டும் என்று லண்டனில் இருந்த படைத்தலைமையே ஒப்புக்கொண்டிருந்தது. போர் தொடங்கிய நாளில் இங்கே இருந்தவை 158. அவற்றிலும் பெரும்பாலானவை மற்ற போர்முனைகளில் ஓய்வு கொடுக்கப்பட்ட ரகம். கிழக்குக் கரையில் கோத்தா பாருவிலும் குவாந்தானிலும் விமானத்தளம் கட்டினார்கள். அங்கே நிற்கப் போதிய விமானம் அனுப்பவில்லை. குவாந்தான் தளத்தை டிசம்பர் 9ஆம் தேதியே கைவிட்டு ஓடினார்கள். அடுத்த நாள் அதற்குக் கிழக்கே கப்பல்கள் தாக்கப்பட்டபோது மேலே ஒரு நட்பு விமானம்கூட இல்லை. தளபதி ஃபிலிப்ஸ் வானொலி மௌனத்தை உடைக்கவில்லை. டென்னன்ட் தன் பொறுப்பில் செய்தி அனுப்பியது தாக்குதல் தொடங்கி முக்கால் மணி நேரம் கழித்து. செம்பவாங்கிலிருந்து கிளம்பிய ஆஸ்திரேலிய அணியின் விமானங்கள் வந்துசேர்ந்தபோது பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மூழ்கிக்கொண்டிருந்தது.

விமானந்தாங்கிக் கப்பல் ‘இன்டாமிட்டபிள்’ ஜமைக்காவில் தரைதட்டிவிட்டது, அதனால்தான் என்று ஒரு சமாதானம் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. விமானம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டே கப்பல்களை முன்னால் அனுப்பியதற்கு ஜமைக்காவின் மணல்திட்டு பொறுப்பேற்க முடியாது.

5. சரி, உண்மையான அதிசயக் குண்டுகள் என்ன சாதித்தன? அந்தப் போரில் கப்பலைக் கொல்வதற்கென்றே கண்டுபிடித்த விசித்திரங்களுக்குப் பஞ்சமே இல்லை. பிரிட்டனின் பார்ன்ஸ் வாலிஸ், தண்ணீர்மேல் தத்தித் தத்திப் போய்க் கப்பல் விலாவில் முட்டும் ‘ஹைபால்’ என்ற சுழல் குண்டைச் செய்தார். அதற்காக 1943இல் தனி விமான அணி உருவானது. ஜப்பானியக் கப்பல்களை அடிக்க அதை ஆஸ்திரேலியாவரை கொண்டுபோனார்கள், ஒன்றைக்கூடப் போடாமல் போர் முடிந்தது. ‘ஜானி வாக்கர்’ என்று விஸ்கிப் பெயர் வைத்த இன்னொன்று, கடலுக்குள் மேலும் கீழுமாக எம்பி எம்பி நடந்து கப்பலின் அடியைத் தேடும். 1944 செப்டம்பரில் நார்வேயில் ‘டிர்பிட்ஸ்’ மீது அதைப் போட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. டிர்பிட்ஸைக் கடைசியில் கவிழ்த்தது ஐந்தரை டன் எடையுள்ள, நேராக விழுவதைத் தவிர வேறு வித்தை தெரியாத ஒரு குண்டு. அமெரிக்கர்கள் ரேடாரால் தானே இலக்கைத் தேடும் ‘பேட்’ என்ற சறுக்குக் குண்டைச் செய்து, 1945 ஏப்ரலில் நம் அண்டையான போர்னியோவின் பாலிக்பாப்பானில் முதன்முதல் போட்டார்கள். அதற்குள் போரே முடியப்போகிறது. ஜெர்மனியின் ‘ஃப்ரிட்ஸ் எக்ஸ்’ மட்டும் வேலை செய்தது. கவசம் துளைக்கும், வானொலியால் திருப்பப்படும் அந்தக் குண்டு 1943 செப்டம்பர் 9 அன்று இத்தாலியின் ‘ரோமா’வை ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு முடித்தது. சில மாதங்களில் நேச நாடுகள் வானொலி அலையைக் குழப்பும் கருவியைக் கொண்டுவந்தன. அதன் காலமும் முடிந்தது.

சாதாரணக் குண்டு என்ன செய்யும் என்பதற்கு இலங்கைக்குப் போவோம். 1942 ஏப்ரல் 5 அன்று இலங்கைக்குத் தெற்கே ‘டார்செட்ஷயர்’, ‘கார்ன்வால்’ என்ற இரண்டு பிரிட்டிஷ் கப்பல்களைச் செங்குத்தாகப் பாய்ந்து குண்டுபோடும் ஜப்பானிய விமானங்கள் நிமிடக் கணக்கில் மூழ்கடித்தன. 9ஆம் தேதி மட்டக்களப்புக் கடலில் விமானந்தாங்கிக் கப்பல் ‘ஹெர்மிஸ்’ போனது, முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வழிகாட்டும் கருவி கிடையாது, ரேடார் கிடையாது. போட்ட குண்டுகளில் பெரும்பங்கு இலக்கில் விழுந்தது, அவ்வளவுதான். அது கை பழகிய வேலை. அதே விமானிகள் மிட்வேயிலும் சாலமன் தீவுகளிலும் மாண்டபின் அந்தக் கை ஜப்பானுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் எனக்கு உண்மையான கோபம் வருகிறது. அதிசயக் குண்டு ஒன்று நம் வாழ்க்கையைத் தொட்ட சம்பவம் நடந்திருக்கிறது, அதை நாம் சொல்வதே இல்லை. ‘ரஜூலா’ கப்பலைத் தெரியாத மலேசியத் தமிழ்க் குடும்பம் இருக்காது. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆள் ஏற்றிவந்த கப்பல். அதோடு சேர்த்து, அதே வழித்தடத்துக்காக, பிரிட்டிஷ் இந்தியக் கப்பல் நிறுவனம் 1926இல் இறக்கிய உடன்பிறப்பு ஒன்று உண்டு. பெயர் ‘ரோனா’. முப்பதுகளில் இந்த மலைக்குக் காடு வெட்டவும் கன்று நடவும் வந்தவர்களில் சிலர் ரோனாவின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்திருக்கக்கூடும். போர் வந்ததும் அதைப் படை ஏற்றும் கப்பலாக்கினார்கள். 1943 நவம்பர் 26 அன்று, அல்ஜீரியக் கரைக்கு அப்பால், அமெரிக்கச் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு இந்தியாவை நோக்கி வந்துகொண்டிருந்தபோது, ஜெர்மன் விமானம் ஒன்று எய்த, ராக்கெட்டால் உந்தப்பட்டு வானொலியால் ஓட்டப்படும் சிறகுக் குண்டு அதைத் தாக்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் இறந்தார்கள். பெரும்பாலும் இந்தியர்களான கப்பல் ஊழியர்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்படி ஓர் ஆயுதம் இருக்கிறது என்பதே வெளியே தெரியக்கூடாது என்று அமெரிக்கா செய்தியை அமுக்கியது.

குண்டை எய்தவன் விமானத்தில் இருந்தபடியே ஒரு கைப்பிடியை அசைத்து அதைத் திருப்பினான். தற்கொலை இல்லை, புகைபோக்கி இல்லை. நம் ஆட்கள் ஏறிவந்த கப்பல் அது. இதைப் பற்றித் தோட்டத்தில் ஒரு கதையும் கிடையாது. நடக்காத பாய்ச்சலுக்கு வாய் வலிக்கப் பேச்சு, நடந்த சாவுக்கு மௌனம்.

6. “பாட்டன் சொன்ன கதை, சொல்லிவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன கெட்டுவிட்டது?” இதுதான் கடைசியாக வரும் கேள்வி. கெட்டது நிறைய.

அதிசயம் என்று சொல்லிவிட்டால் கணக்குக் கேட்க ஆள் இருக்காது. இடி விழுந்தால் யார்மேல் வழக்குப் போடுவது? பிரிட்டிஷ் நிர்வாகத்துக்கு அந்தக் கதை வசதி. மீற முடியாத ஆயுதத்திடம் தோற்றோம் என்றால் 336க்கும் 158க்கும் இடையில் இருந்த பள்ளத்தைப் பற்றிப் பேசவேண்டாம். ஜப்பானியருக்கும் வசதி. தங்கள் வீரர்கள் சாவை நோக்கிப் பாய்கிற தேவர்கள் என்று அவர்கள் பிறகு பரப்பிய படிமத்தை நாம் முன்தேதியிட்டு அவர்களுக்கே எழுதிக்கொடுக்கிறோம். வசதி இல்லாதவர்கள் நாம் மட்டும்தான்.

கப்பல்கள் போன மறுநாள், டிசம்பர் 11, பினாங்கில் குண்டு விழுந்தது. நம் விமானமா அவன் விமானமா என்று தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தவர்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். ஒரு வாரத்துக்குள் அந்தத் தீவின் ஐரோப்பியர்கள் மட்டும் இரவோடு இரவாகக் கப்பலேற்றப்பட்டார்கள். ஆசியர்களுக்குச் சொல்லவில்லை. டிசம்பர் கடைசியில் சண்டை கம்பாருக்கு வந்தது. நம் மலைக்கு ஏறும் சாலை தொடங்கும் தாப்பாவுக்கு வடக்கே இருக்கிறது கம்பார். ஜனவரி 7 அன்று தாப்பாவுக்குத் தெற்கே சிலிம் ஆற்றங்கரையில் ஜப்பானிய டாங்கிகள் 11ஆவது இந்திய டிவிஷனை நொறுக்கின. பிப்ரவரி 15 சிங்கப்பூர் சரணடைந்தது. இந்த வரிசையில் எந்த இடத்தில் அதிசயக் குண்டு வருகிறது? விமானம் இல்லை, டாங்கி இல்லை, திட்டம் இல்லை, காக்கவேண்டிய மக்கள் என்ற எண்ணமும் இல்லை. அதுதான் வரிசை.

அதன் விலையைக் கட்டியவர்கள் தோட்டத்து ஜனங்கள். 415 கிலோமீட்டர் சயாம் – பர்மா ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொண்டுபோகப்பட்டார்கள் என்று கணக்கிடுகிறார்கள். பெரும்பாலோர் தமிழர்கள். நல்ல சம்பளம், மூன்று மாத வேலை என்று ஆசைகாட்டி அழைத்தார்கள். பிறகு தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்குப் போட்டுப் பிடித்தார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் அவர்களில் பாதிக்கு மேல் திரும்பவில்லை என்பதே பொதுவான மதிப்பீடு. வெள்ளைக்காரக் கைதிகளின் கல்லறைகள் காஞ்சனபுரியில் பெயரோடும் வயதோடும் வரிசையாக நிற்கின்றன. குவாந்தான் கடலில் இறந்த 840 பேருக்கும் பெயர்ப்பட்டியல் இருக்கிறது. சயாமில் இறந்த நம்மவர்களுக்கு அப்படி ஒரு முழுப் பட்டியல் இல்லை.

நான் தாத்தாக்களைப் பொய்யர்கள் என்று சொல்லவில்லை. அவர்கள் ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்றது உண்மை. ஜப்பான்காரன் அடித்த வாழைமர நோட்டை மூட்டை கட்டிக்கொண்டு போய் அரிசி வாங்க முடியாமல் திரும்பியது உண்மை. பக்கத்து வீட்டு ஆள் சயாமுக்குப் போய் வராதது உண்மை. அவர்கள் தோட்டத்தில் நின்று கண்டவை அவை. கப்பலை அவர்கள் காணவில்லை, கேள்விப்பட்டார்கள். நாமோ அவர்கள் கண்டதை எழுதிவைக்கவில்லை, கேள்விப்பட்டதை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறோம்.

தொண்ணூறைத் தாண்டிய சிலர் இன்னும் ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் இருக்கிறார்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, கைத்தொலைபேசியில் பதிவு செய்யப் போகும் பேரப்பிள்ளைகளே, கப்பலைப் பற்றி அவர்களிடம் கேட்காதீர்கள். சயாமுக்குப் போனது யார், எந்தத் தோட்டம், அப்பா பெயர் என்ன, திரும்பினாரா என்று கேளுங்கள். சொன்னதை எழுதும்போது கண்டதை ஒரு பத்தியிலும் கேட்டதை இன்னொரு பத்தியிலும் பிரித்து எழுதுங்கள்.